ஐந்தாவது அட்டை

கதவு இன்னும் மூடவில்லை. நான்காவது அட்டை முடிந்து பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. ஐந்தாவது அட்டை வர்ணிகாவின் மடியில் இருந்தது. அதில் கோமதி தன் கையாலேயே வரைந்து, அழுத்தி அழுத்தி நீலம் தீட்டிய விமானக் கதவு கச்சிதமாக அடைத்திருந்தது. நிஜக் கதவு பதின்மூன்று வரிசைக்கு முன்னால் திறந்து கிடந்தது, அதன் வழியாக மீனம்பாக்கத்துக் காலை வெயில் உள்ளே வந்து முதல் வரிசைக்காரர்களின் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது. மொத்தம் ஏழு அட்டைகள். வரிசையில் நிற்போம், பெட்டி போகும், பஸ்ஸில் போவோம், உட்கார்ந்து பெல்ட் போடுவோம், கதவு மூடும், பறப்போம், அப்பா. ஏழாவதற்கு வரைய வேண்டியிருக்கவில்லை, பலவேசத்தின் போட்டோவையே ஒட்டிவிட்டாள். ரேஷன் கார்டுக்கு எடுத்தது, யாரையோ முறைக்கிற மாதிரி இருக்கும், பரவாயில்லை, மகளுக்கு அந்த முகம்தான் பழக்கம். நான்கு மாதம் ஒத்திகை பார்த்தாயிற்று. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வில்லிவாக்கம் வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டு மேஜை நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, துப்பட்டாவை பெல்ட்டாகக் கட்டி, மிக்ஸியில் ஒன்றும் போடாமல் ஓட்டவிட்டு அதுதான் என்ஜின் என்று வைத்துக்கொண்டார்கள். கீழ் வீட்டு அம்மாள் மாடியேறி வந்து, வெறும் ஜாரை ஓட்டினால் மோட்டார் போய்விடும் என்று சொல்லிவிட்டு, அப்படி என்னதான் தினமும் இந்த நேரத்துக்கு அரைக்கிறீர்கள் என்றும் கேட்டாள். விமானம் அரைக்கிறோம் என்று கோமதி சொல்லவில்லை, பொடி என்றாள். ஐந்தாவது அட்டைக்குப் படுக்கையறைக் கதவை டப்பென்று சாத்துவாள். பெல்ட் கட்டினாளோ இல்லையோ, எழுந்து போய்ச் சாத்துவாள். தப்பு அங்கேதான் நடந்திருக்கிறது. நூற்றுச் சொச்சம் தடவை விமானம் ஏறியும் ஒரு தடவைகூட வில்லிவாக்கத்தில் விமானம் தாமதமாகவில்லை.

"கதவு மூடணும்," என்றாள் வர்ணிகா. ஒன்பது வயசு. இரண்டரை வயசில் ஆட்டிசம் என்று சொன்னார்கள், அதற்கு ஆறு மாதம் முன்பே கோமதிக்குத் தெரியும், சொல்லாமல் வைத்திருந்தாள். "கதவு மூடணும்." குரல் சின்னதாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டுக் குதிகாலால் முன் சீட்டின் அடியில் மூன்று தட்டு. பிறகு மறுபடி சொல்லி, மறுபடி மூன்று. தலையில் ஆரஞ்சு நிறத்தில் பெரிய காதடைப்பான். பலவேசம் போர்ட் பிளேரில் மீன் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர், கம்ப்ரசர் அறைக்குள் போகிறவர்கள் போட்டுக்கொள்வது, அதில் ஒன்றை அனுப்பியிருந்தார். இந்தப் பக்கம் நடைபாதை ஓரத்தில், பதினான்கு சி-யில், ஒரு பெரியவர். சட்டைப் பையில் இரண்டு பேனா. உட்கார்ந்ததும், "போர்ட் பிளேருக்கா?" என்று கேட்டார். இந்த விமானம் வேறு எங்கும் போகாது, ஆனாலும் கேட்பதுதான் மரியாதை, அவளும் ஆமாம் என்றாள். அப்புறம் அவர் காதடைப்பானைப் பார்த்தார், குழந்தையின் விரல்கள் முகத்துக்கு முன்னால் ஆடுவதைப் பார்த்தார், சீட்டுப் பையிலிருந்து பாதுகாப்பு அட்டையை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். அதில் மொத்தம் எட்டுப் படம். பன்னிரண்டு நிமிஷமாக வாசிக்கிறார். கோமதிக்கு அவர் மேல் கோபம் இல்லை. பார்க்காமல் இருக்க மனிதனுக்கு ஏதாவது ஒன்று கையில் வேண்டியிருக்கிறது. நான்கு வரிசை பின்னால் ஒருவர் எழுந்து நின்று, "ஹலோ, எவ்ளோ நேரம்தான் உக்கார வச்சிருப்பீங்க? கதவ மூடிட்டுக் கெளம்ப வேண்டியதுதானே? காசு வாங்கல?" என்று கத்தினார். அங்கங்கே ஆமாம் ஆமாம் என்றார்கள். ஏர்ஹோஸ்டஸ் ஓடி வந்து, "சாரி சார், கனெக்‌ஷன் ஃபிளைட்ல ரெண்டு பாசஞ்சர்ஸ் வர்றாங்க சார், ஃபைவ் மினிட்ஸ்," என்றாள். அவர் சொன்னதையும் வர்ணிகா சொன்னதையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் கதவை மூட வேண்டும் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவர் அதிகப்படியாகத் திட்டவும் செய்தார். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தார்கள்.

ஐந்து நிமிஷம். ஐந்து நிமிஷத்தை எப்படி வரைவது? கோமதி கைப்பையிலிருந்து ஒரு பேனா எடுத்தாள், டிக்கெட்டின் பின்பக்கம் ஐந்து வட்டம் போட்டாள், ஒவ்வொன்றாக அடிக்கலாம் என்று காட்டினாள். வர்ணிகா ஐந்தையும் ஒரே மூச்சில் அடித்துவிட்டு, "கதவு மூடணும்," என்றாள். நியாயம்தான். போன் நடுங்கியது. பலவேசம். "கதவு மூடியாச்சா?" அவருக்கும் அட்டைகள் மனப்பாடம், வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தாள். இல்லை என்று அடிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். இல்லை என்றால் ஏன் என்பார், ஏன் என்றால் தாமதம் என்பாள், தாமதம் என்றதும் அந்தப் பக்கம் ஒரு மனிதன் குளிர்பதனக் கிடங்கின் வாசலில் நின்று வியர்ப்பான். இரண்டு வருஷம் முன்பும் அவர் இப்படித்தான், அங்கே விமான நிலைய வாசலில், வியர்த்துக்கொண்டு நின்றிருந்தார். அன்றைக்கு எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். கவுண்டரில் ஃபைலைத் திறந்து காட்டினாள், சான்றிதழ், டாக்டர் கடிதம், எல்லாவற்றுக்கும் நகல். அவர்களும் கணினியில் ஏதோ தட்டிக்கொண்டார்கள். உள்ளே ஏறியதும் நான்கு பேர் வந்து நான்கு விதமாகச் சிரித்தார்கள், குனிந்து குனிந்து விசாரித்தார்கள், தொட்டார்கள். தொட்டதில்தான் ஆரம்பித்தது. பெல்ட்டை ஒரு பையன் தானே மாட்டிவிடுகிறேன் என்று குனிந்தான், வர்ணிகா அலறினாள், தண்ணீர் பாட்டில் பறந்தது, கேப்டன் இறங்கச் சொல்லி அனுப்பினார், மற்ற பயணிகளின் பாதுகாப்பு. பதினோரு வரிசை நடந்தாள். அலறுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஒரு செருப்பு எங்கேயோ விழுந்து, அதை எடுக்கக் குனியாமல். கதவுக்குப் பக்கத்தில் வரும்போது பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். ஒரே ஒரு ஆள், இரண்டே தட்டு. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் ஒரு முகத்தோடு போயிருக்கும். பார்க்காததால் பால் வாங்கப் போகிற இடத்தில், பஸ்ஸில், கல்யாண மண்டபத்தில், எந்த ஆளைப் பார்த்தாலும் இந்தக் கை தட்டியிருக்குமோ என்று தோன்றுகிறது. முதலில் பார்ப்பது கையைத்தான். பெரியவரின் கையையும் பார்த்தாயிற்று. பாதுகாப்பு அட்டையைப் பிடித்திருந்தது, மோதிரம் போட்டிருந்தது, அது தட்டிய கையாக இருக்காது. இருந்தாலும் என்ன.

அதனால்தான் இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிடு, சொன்னால் உதவுவார்கள் என்றார் டாக்டர். சொல்லிரு கோமு, என்னத்துக்கு வம்பு என்றார் பலவேசமும். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, சொல்லாமல் வந்துவிட்டாள். ஃபைல் பையின் அடியில், துண்டுக்குக் கீழே கிடந்தது. ஒரு ஜுரக்காரியை, ஒரு தூக்கக்கலக்கக்காரியை அழைத்துப் போவது மாதிரி, சாதாரணமாகப் போய்விட வேண்டும் என்று ஒரு ஆசை. ஃபைலுக்குப் பக்கத்திலேயே டாக்டர் கொடுத்த தூக்க மருந்து, இரண்டரை மில்லி, பாட்டிலில் கோடு போட்டிருக்கிறது. சில குழந்தைகளுக்குத் தூங்குவதற்குப் பதில் ஆட்டம் கூடிவிடும் என்றும் அவரே சொன்னார். காலையில் கொடுக்கவில்லை. இப்போது கொடுக்கலாமா? இப்போது கொடுத்தால் எப்போது பிடிக்கும், பிடிப்பதற்குள் கதவு மூடிவிட்டால் வீண், மூடாவிட்டால்? மூடாவிட்டால் என்பதற்கு மேலே யோசனை போக மறுத்தது. போன வாரம் பலவேசம் ரொம்ப நிதானமாகத்தான் சொன்னார். இந்த வாட்டியும் எறக்கி விட்டாங்கன்னா இனி வேண்டாம் கோமு, பிள்ளைய அலைக்கழிக்க வேண்டாம், நான் வருசத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துக்கிடுதேன். வருஷத்துக்கு ஒரு தடவை. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற மனிதருக்குப் பெயர் விருந்தாளி. கப்பல் இருக்கிறது, மூன்று நாள். நடுக்கடலில் யாரும் இறக்கிவிட மாட்டார்கள் என்பது அதில் நல்ல விஷயம், ஆனால் கம்பி என்று ஒன்றைக் கண்டால் ஏறுகிற குழந்தை இது. வீடியோ காலில் வர்ணிகா அப்பாவைப் பார்க்கவே மாட்டாள், திரையின் மூலையில் தெரியும் தன்னுடைய குட்டிப் படத்தைத்தான் பார்ப்பாள். என் மூஞ்சி மறந்துட்டா போல என்று சிரிப்பார் அவர். அங்கே ஒரு அறைக்கு நீலம் அடித்து, ஜன்னலுக்கெல்லாம் வலை போட்டு, ஒரு டீச்சரிடம் பேசி வைத்திருக்கிறார். எட்டு மாதமாக நீல அறையில் யாரும் இல்லை.

"ஏனுங்க." முன் சீட்டுப் பெண்மணி இரண்டு சீட்டுக்கு நடுவிலிருந்த இடைவெளியில் கண்ணை வைத்திருந்தாள். கோயமுத்தூரிலிருந்து குடும்பமாகச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள், ஏறும்போதே சொல்லிக்கொண்டிருந்தார்கள். "பாப்பா காலைக் கொஞ்சம் எடுக்கச் சொல்றீங்களா? எனக்கு முதுகுத் தண்டுல ஆபரேசன் பண்ணியிருக்குதுங்க." "சாரிங்க, சாரி. வர்ணி, கால்." கோமதி குனிந்து அந்தக் கால்களைத் தன் தொடை மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். கால்கள் தொடையில் மூன்று தட்டு தட்டின. "பசிக்குதுங்களோ என்னமோ. பிஸ்கட் தரட்டுங்களா?" "வேண்டாங்க, சாரி." பிஸ்கட்டுக்கு எதற்கு சாரி? வீட்டை விட்டுக் கிளம்பினால் மூச்சு விடுகிற மாதிரி அது பாட்டுக்கு வருகிறது. ஆட்டோக்காரரிடம், பெட்டி வாங்கியவரிடம், பஸ்ஸில் இடம் கொடுத்தவரிடம், இடித்தவரிடமும். யோசித்துப் பார்த்தால் கதவு தாமதமாவது மட்டும் இல்லை, ஒத்திகையில் விட்டுப்போனது இதுவும்தான். நாற்காலி போட்டாள், சத்தம் போட்டாள், காது அடைக்கும் என்று முழுங்கக் கற்றுக்கொடுத்தாள். மனிதர்களைப் போடவில்லை. வில்லிவாக்கத்து விமானத்தில் இரண்டே பயணிகள். யாரையாவது கூப்பிட்டு உட்காரவைத்து, நீங்கள் திரும்பிப் பாருங்கள், நீங்கள் உச்சுக் கொட்டுங்கள், நீங்கள் ரொம்ப அன்பாகச் சிரியுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். கீழ் வீட்டு அம்மாளைக் கூப்பிட்டிருந்தால் சொல்லிக்கொடுக்காமலே செய்திருப்பாள். ஆனால் அந்த ஒத்திகை வர்ணிகாவுக்கு எதற்கு? அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அது கோமதிக்கு வேண்டியிருந்த ஒத்திகை. நடைபாதைக்கு அந்தப் பக்கம் புதுசாய்க் கல்யாணமான ஜோடி, பெண்ணின் முழங்கை வரை சிவப்பு வளையல், பையன் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். தங்களைத்தான் எடுக்கிறார்களா, போன் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கிறதே, சாயவில்லை, சாய்ந்தது. துப்பட்டாவை விரித்து வர்ணிகாவின் தலையைச் சுற்றி ஒரு மறைப்பு பிடித்தாள். துணி ஜன்னலையும் மறைத்ததும் வர்ணிகாவின் குரல் ஒரு படி ஏறியது. "கதவு மூடணும்! கதவு மூடணும்!"

இப்போது எல்லாத் தலையும் திரும்பியது. தலைகள் திரும்புவதில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் பக்கத்து வரிசை, அப்புறம் தூரத்து வரிசை, கடைசியில் பார்க்கக் கூடாது என்று நினைத்தவர்கள். வர்ணிகா மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். கோமதி அவள் தோள் இரண்டையும் மேலிருந்து கீழே அழுத்தினாள், கனமாக, நிதானமாக, அது பிடிக்கும். யாரோ, "ரெண்டு வச்சா சரியாப் போவும்," என்றார்கள். யாரோ, "உடம்புக்கு என்னவோ, பாவம்," என்றார்கள். ஏர்ஹோஸ்டஸ்களில் மூத்தவள் வந்தாள். சட்டையில் ஜெசிந்தா என்று பெயர். நல்ல முகம்தான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. "மேம், எக்ஸ்க்யூஸ் மீ. பாப்பாவுக்கு ஏதாவது ப்ராப்ளமா?" அந்தக் கேள்விக்கு ஒரு பதில் நான்கு மாதமாகத் தயாராக இருந்தது. ஒன்றுமில்லை, கொஞ்சம் பயப்படுகிறாள், கதவு மூடினால் சரியாகிவிடும். அதுதான் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஜெசிந்தாவின் கண் ஆரஞ்சுக் காதடைப்பானில் நின்றது, நின்றதைக் கோமதி பார்த்தாள், "காது வலி," என்றாள். சொன்ன உடனே எவ்வளவு சுகமாக இருந்தது. காது வலி. உலகத்தில் எல்லாக் குழந்தைக்கும் வருகிற காது வலி. முன் சீட்டுப் பெண்மணி, "அச்சச்சோ, அதானுங்களா," என்று உருகினாள். பெரியவர் பாதுகாப்பு அட்டையை மடித்து வைத்துவிட்டு, "பச்சப் புள்ளைக்குக் காது வலி தாங்காதும்மா," என்று முதல் தடவையாக வர்ணிகாவின் முகத்தைப் பார்த்தார். சுற்றிலும் தோள்கள் தளர்ந்தன. ஒரு சொல்லில் ஊரே உறவாகிவிட்டது. ஏதோ ஒரு சாதாரணப் பிள்ளையின் அம்மாவாகக் கோமதி ஒரு அரை நிமிஷம் இருந்தாள்.

"எப்பலேர்ந்து மேம்?" "நேத்துலேர்ந்து." பொய் தானே ஒரு வாசல் திறந்துகொண்டு உள்ளே போனது. ஜெசிந்தா நிமிர்ந்தாள். "மேம், காது வலியோட ஃப்ளை பண்ணக் கூடாது. மேல போகும்போது ப்ரெஷர்ல இயர் ட்ரம் கிழிஞ்சிடும். டாக்டர் பாத்து ஓகே சொல்லாம எங்களால கூட்டிட்டுப் போக முடியாது. டோர் ஓப்பன்லதான் இருக்கு, இப்பவே எறங்கிட்டா நல்லது. பேக் எது மேம், மேலயா?" என்று கையை நீட்டி மேல் தட்டைத் திறந்தாள். வேகமாக, பழகிய கையாக. பையின் வார் தெரிந்தது. மற்ற எல்லாப் பயமும் வெளியிலிருந்து வந்தது, இதை மட்டும் தானே சமைத்துத் தட்டில் வைத்திருக்கிறாள். ஒளித்தது எதுவோ அதற்காக இல்லை, இல்லாத ஒன்றுக்காக இறக்கப் போகிறார்கள். பலவேசத்திடம் என்ன சொல்வது? காது வலி என்று இறக்கிவிட்டார்கள் என்றா? இவளுக்கு ஏது காது வலி என்பார். சிரிப்பு வந்தது, உண்மையாகவே வந்தது. "பேக்கை எடுக்காதீங்க," என்றாள். "மேம், புரிஞ்சுக்குங்க, பாப்பாவோட நல்லதுக்குத்தான்." "காது வலி இல்ல. பொய் சொன்னேன்." ஜெசிந்தாவின் கை பையிலேயே நின்றது. "என்ன மேம்?" ஏ.சி. இரைந்தது, வர்ணிகா சொல்லிக்கொண்டிருந்தாள், பின்னால் அந்த மனிதர் மறுபடி கத்த ஆரம்பித்திருந்தார், இதற்கெல்லாம் மேலாகச் சொன்னால்தான் கேட்கும். இத்தனை வருஷமும் அந்தச் சொல்லை மூடிய அறைகளில், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம், தாழ்ந்த குரலில் சொல்லித்தான் பழக்கம். "அவளுக்கு ஆட்டிசம்," என்றாள் கோமதி. நினைத்ததை விடச் சத்தமாக வந்துவிட்டது. பெஞ்சு மேல் ஏற்றிவிட்ட பிள்ளை தப்பை ஒப்புக்கொள்கிற குரல். அதைக் கேட்க அவளுக்கே பிடிக்கவில்லை. "கதவு மூடிட்டாப் போதும். மூடும்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன், மூடல, அதான். சர்டிஃபிகேட் எல்லாம் இருக்கு. அவங்க அப்பா அங்க இருக்காரு."

பையின் அடியிலிருந்து கோமதி உருவிக் கொடுத்த ஃபைலை வாங்கிக்கொண்டு ஜெசிந்தா முன்னால் போனாள். அவள் முதுகு சின்னதாகிக்கொண்டே போய் விமானிகளின் அறைக்குப் பக்கத்தில் திரும்பியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பெரியவர் பாதுகாப்பு அட்டையை மறுபடி வெளியே எடுத்திருந்தார். முன் சீட்டு இடைவெளியில் கண் இல்லை. இந்த அமைதியைக் கோமதிக்குத் தெரியும், இது அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் வருகிற அமைதி. கல்யாண வீட்டில் வந்திருக்கிறது, பள்ளிக்கூடத்தில் வந்திருக்கிறது. இப்போது அவர்கள் மனசுக்குள், தெரிந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோமே என்று கொஞ்சம் வருத்தப்படுவார்கள், வருத்தப்படவைத்ததற்காக அவள் மேல் கொஞ்சம் எரிச்சலும் படுவார்கள். ஜெசிந்தா திரும்பி வந்தாள். "கேப்டன் ஓகேங்கறார் மேம்." கோமதி ஃபைலை வாங்கக் கை நீட்டினாள். "ஆனா பக்கத்துல இருக்கற பாசஞ்சர்ஸுக்கு டிஸ்கம்ஃபர்ட் எதுவும் இல்லன்னு கன்ஃபர்ம் பண்ணிக்கச் சொன்னார்." சொல்லிவிட்டு அங்கேயே, அப்போதே, முன் வரிசையிலிருந்து ஆரம்பித்தாள். சுற்றிலும் பத்துப் பேர். "சார், உங்களுக்கு ஓகேவா? மேம், உங்களுக்கு?" சாப்பாட்டுப் பொட்டலம் சைவமா அசைவமா என்று கேட்கிற அதே குரல். முன் சீட்டுப் பெண்மணியின் புருஷன் அவளைப் பார்த்தான், அவள், "குழந்தை என்னங்க பண்ணும், பாவம், வரட்டும். ஒதைக்காம மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க," என்றாள். "தேங்க்ஸ்ங்க," என்றாள் கோமதி. பெரியவர், "எனக்கு அப்ஜெக்‌ஷன் இல்ல," என்றார், அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இதுக்கு மருந்து ஏதும் குடுக்கறீங்களாம்மா?" என்றார். "தேங்க்ஸ் சார்." பின் வரிசையில் ஒருவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கட்டை விரலை உயர்த்தினான். அவன் பக்கத்தில் ஒரு பெண், "ரெண்டு மணி நேரம்தானே," என்றாள். வளையல்காரப் பெண் இந்தியில் பரவாயில்லை என்றாள், சொல்லிவிட்டு அழகாக, ரொம்பவே அழகாகச் சிரித்தாள். பத்துப் பேரும் சரி என்றார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. பத்துப் பேருக்கும் தேங்க்ஸ் சொன்னாள், எண்ணிச் சொன்னாள், யாருக்காவது விட்டுப்போயிருக்குமோ என்று கட்டை விரல்காரனுக்கு இரண்டு தடவை சொன்னாள். வெட்கமாக இருந்தது. நன்றியாகவும் இருந்தது. எரிந்தது அந்த நன்றிதான். ஒரு குழந்தை தன் அப்பாவைப் பார்க்கப் போகலாமா என்று முன்பின் தெரியாத பத்துப் பேரைக் கேட்டு, அவர்களும் பெரிய மனசு பண்ணிச் சரி என்றிருக்கிறார்கள். பின்னால் நின்று கத்திய மனிதருக்காக யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவர் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் தானும் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருப்பாள் என்று கோமதிக்குத் தோன்றியது. இவர்கள் சொன்ன அதே குரலில், கொஞ்சம் கண்ணைத் தாழ்த்தி. வேறு எப்படிச் சொல்வது, அவளுக்கும் வேறு குரல் தெரியாது.

தாமதமாக வந்த இரண்டு பேரும் ஏறினார்கள். நடுத்தர வயசுத் தம்பதி, கையில் இனிப்புக் கடைப் பைகள், சிரித்துக்கொண்டே வந்தார்கள், அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவு மூடியது. வில்லிவாக்கத்துக் கதவு மாதிரி டப்பென்று சத்தம் வரவில்லை, ஒரு பெருமூச்சு மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது, இருந்தாலும் வர்ணிகாவுக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தாவது அட்டையை எடுத்து அடியில் வைத்தாள். வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். முப்பத்தொரு நிமிஷமாக ஒரு விமானம் முழுக்கத் திரும்பிப் பார்த்த விஷயம் அதோடு முடிந்துபோயிற்று. கோமதி, "மூடியாச்சு," என்று பலவேசத்துக்கு அடித்துவிட்டுப் போனை அணைத்தாள். விமானம் நகர்ந்து, திரும்பி, நின்று, மறுபடி ஓட ஆரம்பித்தது. மிக்ஸிச் சத்தம், மிக்ஸியைப் போல நூறு மடங்கு, வர்ணிகா காதடைப்பானை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், தரை விட்டுப்போனது. இது எந்த ஒத்திகையிலும் இல்லை. நாற்காலி ஒரு நாளும் தரையை விட்டுப் போனதில்லை. அடிவயிறு ஒரு கணம் காணாமல் போய்த் திரும்பி வருவதை யாரும் வரைந்து காட்டியிருக்கவில்லை. வர்ணிகா சிரித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை, வயிற்றிலிருந்து கிளம்பி, உடம்பெல்லாம் குலுங்கி, வீறிட்டு வருகிற சிரிப்பு, என்ஜினுக்கு மேலே கேட்டது. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் அப்படிச் சிரிப்பாள். கோமதியின் கை போய் அந்த வாயை மூடியது. எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளங்கைக்கு அடியில் சிரிப்பு நிற்கவில்லை. சூடாக, எச்சிலோடு, விரல் இடுக்கில் கசிந்து வந்துகொண்டிருந்தது. குழந்தையின் கண்கள் ஜன்னலுக்கு வெளியே சந்தோஷமாக இருந்தன, வாயை யாரோ மூடியிருப்பது கூட ஒரு பொருட்டாக இல்லை, அதுவும் பழக்கம்தான் போலிருக்கிறது. கோமதி தன் கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே எடுத்தாள். சிரிப்பு முழுசாக வெளியே வந்து முன் வரிசைகளுக்கெல்லாம் போயிற்று. சீட்டு இடைவெளியில் கண் வந்தது. பெரியவரும் திரும்பினார். நாக்கு வழக்கம்போல சாரி என்று சொல்ல எழும்பி நின்றது. கோமதி அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், மகள் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.